ஈரம் காயாத படப்பு

தம்பி,

இவ்விடம் அனைவரும் நலம், அவ்விட நலத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிக்கப் போவதில்லை. நீ இங்கிருந்து பஸ் ஏறி நாலு நாள்கூட ஆகவில்லை. உன் பெண்டாட்டியை மல்லாங்கிணற்றில் அவள் அம்மா வீட்டில் பிரசவத்துக்கு விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறாய். அதற்குள் அப்பாவுக்கு என்ன வந்தது, ஒரு கார்டு போதாமல் நோட்டுத் தாளைக் கிழித்து இத்தனை பக்கம் எழுதுகிறாரே என்று நினைப்பாய். நேரில் சொல்லிவிடலாம் என்று எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் வாய் தானாக மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறது. நூல் கடையில் கடிதம் எழுதிப் பழகிய கை இது. வாய்க்கு வராதது கைக்கு வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். அதுகளுக்குத் தாகமே இல்லை.

பஸ் படியில் கால் வைத்துக்கொண்டு நீ சொன்ன வார்த்தைதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. "பொள்ளாச்சிக்கு எழுதிப் போட்டுட்டேன்ப்பா. புல்லை அறுத்துப் படப்புல ஏத்திட்டுத்தான் வருவேன்னு. நீங்க ஒத்தையில கெடந்து சீரழிய வேண்டாம்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். கண்டக்டர் விசில் ஊதினான், பஸ் போய்விட்டது. உன்னை வேலைக்குக் கூப்பிட்ட அந்தப் பொள்ளாச்சிப் பால்பண்ணைக்காரர் கார்த்திகை முடிவதற்குள் வந்து சேர்ந்தால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆள் காத்திருக்கிறான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். குடியிருக்க வீடு, குழந்தை பிறந்ததும் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம், நாற்பது மாடு, அதற்கான புல்லுக்காடு, எல்லாம் உன் பொறுப்பில். அதைத் தெரிந்துகொண்டே நீ புல்லை முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுதிப் போட்டிருக்கிறாய். நானும் சரி என்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். அதை எனக்கு முன்னமே தெரியும்.

நம் நாலு ஏக்கர் செவக்காட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பு போட்டால் கம்பு வராது, மிளகாய் வைத்தால் செடி மட்டும் நிற்கும், புல் மட்டும் யாரும் கேட்காமலே வரும். ஐப்பசி மழை நாலு இறங்கினால் போதும், கொழுக்கட்டைப் புல் முழங்காலைத் தொட்டுவிடும். அந்தப் புல்லை நம்பித்தான் உன் தாத்தா இரண்டு ஜோடி மாடும் எருமையும் வைத்து வண்டி ஓட்டினார். எனக்குப் பத்தொன்பது வயதில் அருப்புக்கோட்டையில் நூல் கடை வேலை. முதலாளிக்கு என் கையெழுத்தின் மேல் ஒரு பிரியம். திருச்சியில் புதுக்கடை போடுகிறேன், நீ போய்ப் பார்த்துக்கொள் என்றார். பெட்டி கட்டியாகிவிட்டது. அந்த வாரம் உன் தாத்தா வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். "இந்த ஒரு அறுப்பை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்று ஆள் அனுப்பினார். வந்தேன். புல்லை அறுத்தேன். கால் கூடவில்லை. அடுத்த வருஷமும் அறுத்தேன். திருச்சிக் கடைக்கு வேறு ஒருவன் போய், பின்னால் அவனே முதலாளியாகவும் ஆனான் என்று கேள்வி. நான் அந்த ஒரு அறுப்பை இன்னும் முடிக்கவில்லை.

இதையெல்லாம் உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்காக வந்தேன், குடும்பத்துக்காக இருந்தேன் என்று. பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னவென்றால், வரப்பில் நின்று பஸ் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். யார் ஊரை விட்டுப் போனாலும் எரியும். பக்கத்து வீட்டுக்காரன் மகன் பம்பாய்க்குப் போனபோது ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காட்டுக்குள் என்னை யாரும் கட்டிப்போடவில்லை, வேலிகூட ஒழுங்காகக் கிடையாது. ஆனாலும் வெளியே வரத் தெரியவில்லை. வயது ஏற ஏற வெளியே போகிறவர்கள்மேல் கோபமாகத்தான் வந்தது. உன்மேல் அந்தக் கோபம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நம் ஊர் வழக்கம், பொங்கல் கழியாமல் புல்லுக்காட்டில் யாரும் அரிவாள் வைக்க மாட்டார்கள். விதை தானாக உதிர வேண்டும், உதிர்ந்தால்தான் அடுத்த வருஷம் காடு தழைக்கும் என்பது ஒரு காரணம். மற்ற அறுப்பெல்லாம் முடிந்து ஆள் சும்மா இருப்பார்கள் என்பது இன்னொன்று. என் அப்பா அப்படித்தான் அறுத்தார், நானும் அப்படித்தான். பழுத்துக் காய்ந்து நிற்கிற புல்லை அறுத்தால் உலர்த்துகிற வேலையும் மிச்சம். நீதான் வந்து அதைக் கலைத்தாய். நரிக்குடி மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் எருமையைக் காட்டப் போய்வந்து, நாளெல்லாம் அவர் சொன்னதையே பேசிக்கொண்டிருந்தாய். அவரே ஒரு நாள் சைக்கிளில் வந்து நம் காட்டைப் பார்த்தார். "பூ வெளிய வந்ததும் அறுத்துருங்க. விதை புடிச்சுட்டா சத்தெல்லாம் விதைக்குப் போயிரும், விதை மண்ணுக்குப் போயிரும். பெறகு உங்க மாடு திங்கிறது வெறும் குச்சிதான்" என்றார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பேன்ட் போட்டுக்கொண்டு வந்து என் புல்லைப் பற்றி எனக்கே சொல்கிறாரே என்று இருந்தது.

நீ என்னோடு சண்டை போடவில்லை. "பாதிக் காட்டை மார்கழியில நான் அறுக்கிறேன், பாதியைப் பொங்கலுக்கு அப்புறம் நீங்க அறுங்க. எருமையே சொல்லட்டும்" என்றாய். அந்த வருஷம் முழுக்க நான் உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தேன். தூரில் பாதிக்குப் பூ தலை காட்டியதும் நீ அரிவாளைப் போட்டாய். தரையை ஒட்டி அறுக்காமல் நாலு விரல் உயரத்துக்கு அடித்தாளை விட்டாய். பனி விலகிய பிறகுதான் பரப்பினாய், வெயில் இறங்குவதற்குள் கூட்டினாய். ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்ப்பாய். கையில் ஈரம் தட்டினால் இன்னும் ஒரு நாள், மொரமொரவென்று ஒடிந்தால் இலை கொட்டிவிடும் என்று உடனே கட்டிப் போராக அடுக்கச் சொல்வாய். உன் படப்பு பச்சை வாடாமல் நின்றது, பக்கத்தில் போனாலே ஒரு வாசனை. என் படப்பு உயரமாக இருந்தது. கட்டுக் கணக்கில் நான்தான் ஜெயித்தேன், எடையும் எனக்குத்தான். ஆனால் பங்குனியில் மாட்டுக்குத் தீனி போடும் காடியைக் கூட்டும்போது தெரிந்துவிட்டது. என் புல்லில் பாதியைத் தின்னாமல் ஒதுக்கிவிட்டு எருமை உன் படப்பைப் பார்த்துக் கத்தியது. உன் புல்லைப் போட்ட நாளில் சாயங்காலம் பால் கூடுதலாகவே வந்தது. போதாக்குறைக்குத் தையில் விழுந்த ஒரு மழைக்கு நீ விட்ட தாள் துளிர்த்து மாசியில் இன்னொரு அறுப்பும் எடுத்தாய். என் பாதி மொட்டையாகக் கிடந்தது.

உன் அம்மாவிடம் நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை. "அவன் சொல்றதுதான் சரி" என்றேன். அவள், "இதைச் சொல்ல உங்களுக்கு இம்புட்டு நாளாச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள். ஆகவே இது உனக்குத் தெரிய வேண்டும். அடுத்த வருஷம் நான் செய்த எதுவும் அறியாமல் செய்தது இல்லை. எப்போது அறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கம்பவுண்டர் சொல்லி நீ எழுதிப்போட்ட மனுவுக்கு மறு வருஷம் கார்த்திகையில் பதில் வந்தது. கால்நடைப் பயிற்சிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், மதராசில் வந்து சேர வேண்டும், பதினெட்டு நாள் அவகாசம். அந்தத் தாளை நீ எத்தனை தடவை மடித்துப் பிரித்தாய் என்று எனக்குத் தெரியும். சாப்பிடும்போது சொன்னாய், "புல்லை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்ப்பா. இல்லாட்டி கோடைக்கு மாடு என்ன பண்ணும்" என்று. நான் கேட்காமல் நீயாகச் சொன்ன வார்த்தை. என் அப்பா ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார், நீயோ யாரும் கூப்பிடாமலே நின்றுகொண்டிருந்தாய். இவனை நிறுத்த வேறு எதுவும் வேண்டாம், புல் முடியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை.

முதல் காரியமாக அறுப்புக் கொத்தாள் காளியம்மா வீட்டுக்குப் போனேன். எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவள் நாலே நாளில் காட்டை முடித்துவிடுவாள். "இப்ப வராத, பொங்கல் கழியட்டும், ஊர் வழக்கத்தை மாத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம், "காளியம்மாவுக்கு ஆள் தோதுப்படலையாம்" என்றேன். பிறகு விதை உதிரட்டும், பொறுத்து அறுக்கலாம், காடு அழிந்துவிடும் என்று நைச்சியமாகப் பேசிப் பார்த்தேன். "வரப்போரம் ஒரு கீத்து அறுக்காம விட்டாப் போதும்ப்பா, விதைக்கு அது காணும்" என்று நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். மறுநாள் விடிந்தபோது நீயும் உன் அம்மாவும் அரிவாளோடு காட்டில் இருந்தீர்கள். நாலு ஏக்கரை இரண்டு பேர் கையால். எனக்கு முதுகு வலி என்றேன். முதுகுக்கு ஒன்றும் இல்லை.

பத்து நாள் அறுத்தீர்கள். உன் உள்ளங்கை பொத்துப்போய்த் துணி சுற்றிக்கொண்டு அறுத்தாய். அம்மா உச்சிப் பொழுதுக்கு மட்டும் நிமிர்வாள். நீ உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதுகூட வடக்கு வரப்பு வரைக்கும் கண்ணால் அளந்துகொண்டிருப்பாய். குனிந்து அறுக்க முடியாதவன் என்பதால் பரப்பி, புரட்டி, கட்டி, படப்பில் ஏற்றுகிற வேலை எனக்கு. மார்கழிப் பனி கடுமையாக இருந்த வருஷம் அது. ஏழு நாள் ஒழுங்காகத்தான் செய்தேன். எப்படியும் உங்களால் முடியாது என்று நினைத்திருந்தேன். எட்டாம் நாள் பார்த்தால் முக்கால் காடு முடிந்திருந்தது. முடித்துவிடுவான், போய்விடுவான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸுக்கு நீ போவதாக இருந்தது. நீ போன பிறகு அந்தக் காட்டில் நான் மட்டும் நிற்பதை நினைத்தேன். வரப்பில் நான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாடு. என் ஈரக்குலை நடுங்கியது, தம்பி. பெற்ற மகன் நன்றாக இருக்கப் போகிறான் என்று யாருக்காவது நடுங்குமா? எனக்கு நடுங்கியது.

எட்டாம் நாள் சாயங்காலம் ஒரு பிடியை எடுத்து முறுக்கினேன். கையில் ஈரம் தட்டியது. இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அப்படியே கட்டி, படப்பின் நடுவில் வைத்தேன், சுற்றிலும் காய்ந்த கட்டுகளை அடுக்கினேன். ஒன்பதாம் நாளும், பத்தாம் நாளும் அதையே செய்தேன். பத்தாம் நாள் வியாழக்கிழமை. அன்று அறுத்ததைப் பச்சையாகவே மாட்டுக்கு என்று ஒதுக்கினாய், மற்றதெல்லாம் காய்ந்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பினாய். மேலே வரகு வைக்கோல் போட்டு, கயிறாகப் பிரி முறுக்கிக் கட்டி, கல் தொங்கவிட்டு, நீ கீழே நின்று பார்த்து, "அம்சமா இருக்குப்பா" என்றாய். ஈரப்புல்லை அடைத்தால் படப்பு உள்ளுக்குள் புழுங்கும், பூசணம் பூக்கும், சில சமயம் பற்றிக்கொண்டு எரிந்துகூடப் போகும் என்று இந்தச் சீமையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். கைப்பிழை என்று இதை யாரும் சொல்ல முடியாது. விடிவதற்குள் புழுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் நான் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை நீ குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, மாட்டைத் தடவிக்கொடுத்து விடைபெறப் போனாய். படப்பின் உச்சியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பனிப்புகை என்று முதலில் நினைத்தாய். கிட்டே போய்க் கையை விட்டாய், வெடுக்கென்று எடுத்தாய். புளித்த வாசனை அடித்தது. நான் தொழுவு ஓரமாக நின்றேன். "இது எப்படிப்பா?" என்றாய். "என்னமோ தெரியலையே" என்றேன். "ஈரமாக் கெடந்ததைக் கட்டிட்டீகளோ?" என்றாய். "கண்ணு சரியாத் தெரியலை, கையும் மரத்துப்போச்சு" என்றேன். ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஏணியைச் சாத்தி மேலே ஏறினாய். பிரியை அறுத்து வரகு வைக்கோலைத் தள்ளினாய். பஸ் நின்று, ஆரன் அடித்து, போய்விட்டது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மொத்தப் படப்பையும் பிரித்து மறுபடி பரப்பி உலர்த்தி ஏற்ற ஐந்து நாள் ஆனது. சேர வேண்டிய தேதி மூன்றாம் நாளே போய்விட்டது. நீ தந்தி கொடுத்தாய், கடிதம் எழுதினாய், காத்திருப்போரில் அடுத்தவருக்கு இடம் கொடுத்தாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விடுங்கப்பா. வயசானா எல்லாருக்கும் வர்ற தப்புதான். நான் கூட இருந்து பார்த்திருக்கணும்" என்றாய். அதன் பிறகு இந்த எட்டு வருஷத்தில் நீ ஒரு தடவைகூட என்னைத் தனியாகப் படப்பு ஏற்ற விடவில்லை. கண் தெரியாத அப்பன் என்று முடிவு பண்ணி, எனக்காகவே இங்கே இருந்துவிட்டாய். இரண்டு இடத்தில் வேலை வந்தபோதும் அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று போகவில்லை. என் கண்ணுக்கு இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க முடியும். நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தடவித் தடவி நடந்திருக்கிறேன். ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டியதாகிவிட்டது. உன்னை உள்ளே வைத்துப் பூட்டினேன், நானும் உள்ளேதான் கிடக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு நாளாவது நிம்மதி இருந்ததா என்று கேட்டால், இல்லை. நீ இருந்தாய், ஆனால் எனக்குத் தனிமை போகவில்லை. ஒரே வீட்டில் நாம் மூன்று பேரும் சாப்பிடுவோம், நான் உன் இலையைப் பார்க்காமல் சாப்பிடுவேன். உன் கல்யாணத்தன்று காலில் விழுந்து எழுந்தபோது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பந்தலில் வைத்து யாராவது இதைச் சொல்வார்களா என்று அதையும் ஒரு சாக்காக்கிக்கொண்டேன். உனக்குப் பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ, வளர்ந்து ஒரு நாள் போகிறேன் என்று நிற்கும். அன்றைக்கு உனக்கும் அதைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். தோன்றட்டும், அதில் தப்பில்லை. ஆனால் வேலையைக் காட்டி நிறுத்தாதே. வேலை முடியாது. நம் வீட்டில் இதுவரைக்கும் முடிந்ததே இல்லை.

புல்லைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வாரம் தெற்குப் பாத்தியில் பூ எட்டிப் பார்த்துவிட்டது, வடக்கே இன்னும் நாலைந்து நாள் ஆகும். நேற்றுக் காளியம்மாவைப் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை ஆளோடு வந்துவிடு என்றேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நெசமாத்தான் சொல்லுதீகளா, இல்ல அன்னைக்கு மாதிரி வந்து, வராதேன்னு சொல்லிட்டுப் போவீகளா?" என்று கேட்டாள். அவள் எட்டு வருஷமாக மறக்கவில்லை. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தகப்பனுக்கும் மகனுக்கும் ஊடால நான் எதுக்குப் பேசணும்?" என்றாள். எல்லாரும் இப்படி மரியாதையாக இருந்ததால்தான் நான் தப்பித்தேன்.

இதுவரைக்கும் புதன்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. இரண்டு நாளாகக் கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தேன். தபால்காரர் வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன். இன்று தபாலில் போட்டால் உன் கைக்குக் கிடைப்பதற்குள் நீ ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து இறங்கிவிடுவாய். அது தெரிந்துதான் வைத்திருந்தேனோ என்னவோ, சத்தியமாக எனக்கே தெரியவில்லை. மத்தியானம் உன் அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தாள், கடிதம் விழுந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும் என்பதால் நானே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே, "நான் சொல்றதையும் எழுதுங்க" என்றாள்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "பத்து நாளு அவன்கூடக் குனிஞ்சு அறுத்தேன். அவன் போகணும்னுதான் அறுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் கை கழுவப் போனப்ப படப்புக்குள்ள கையை விட்டேன். உள்ள சூடா இருந்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பவே சொல்லியிருந்தா விளக்கை வச்சுக்கிட்டாச்சும் பிரிச்சுப் போட்டுட்டு, நீ போய்ட்டு வா ராசா, நாங்க காய வைக்கிறோம்னு அனுப்பியிருக்கலாம். வாயைத் தொறக்கலை. இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டுமேன்னு நெனச்சேன். ரெண்டே நாளுதான் நெனச்சேன். இதை அவன்கிட்ட எழுதுங்க." எழுதிவிட்டேன். எட்டு வருஷம் ஒரே வீட்டில் அவளுக்குத் தெரியாது என்று நான் அவளிடம் மறைத்தேன், தனக்குத் தெரியும் என்பதை அவள் என்னிடம் மறைத்தாள். இன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அவள் என்னிடம் தரமாட்டேன் என்றுவிட்டாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளே மல்லாங்கிணறு வருகிறாள். உன் வேட்டி சட்டை, சான்றிதழ்கள், கம்பளி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். கார்த்திகை முடிய இன்னும் நாள் இருக்கிறது, நீ அங்கிருந்தே விருதுநகர் போய் ரயிலைப் பிடி. மருமகளுக்கு வலி எடுத்தால் தந்தி வரும், பொள்ளாச்சியிலிருந்து ஓடி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போ. என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். திட்டி எழுது, எழுதாமலே இரு, அது உன் இஷ்டம். ஆனால் கோபத்தைக் காட்டக்கூட இப்போது இந்தப் பக்கம் வராதே. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நீ வந்து நின்றால் நான் அழுவேன், மன்னிப்புக் கேட்பேன், எல்லாம் செய்வேன். அப்புறம் திங்கட்கிழமைக்குள் உன்னை நிறுத்திவைக்க ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பேன். என்னை எனக்குத் தெரியும். வராதே, தம்பி.

உன் அப்பா